முகப்பும் பின்கட்டும்: பழம் பேரங்காடிகளை நிழற்படத்தில் பதிதல்

பழங்கட்டடம் ஒன்றைப் படமெடுக்க முனைவோர் பெரும்பாலும் அதன் முகப்போடு நின்றுவிடுகின்றனர். வீட்டிற்கு முன்கட்டு, பின்கட்டு என இரண்டு இருத்தல்போலப் பேரங்காடிக்கும் இரண்டு உண்டு. முன்கட்டில் வாணிகம் காட்சியாக நடந்தது. பின்கட்டில் அதுவே உழைப்பாக நடந்தது. இவ்விரண்டனுள் முதலில் அழிவது பின்கட்டே. ஆதலின், நிழற்படக் கருவி முதலிற் செல்ல வேண்டிய இடமும் அதுவேயாகும்.

பினாங்கு ஜார்ஜ் டவுனிலுள்ள பீச் தெரு இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. ஒருகாலத்தில் கடலோரமாயிருந்தமையால் இப்பெயர் பெற்ற அத்தெரு, கடல் தூர்க்கப்பட்டு வெல்டு கீ உருவானபின் நகரின் உட்பகுதியாயிற்று. அங்கே ‘ஒயிட்டவே லேட்லா’ என்னும் பேரங்காடி நடைபெற்றது. இராபர்ட் லேட்லா என்னும் ஸ்காத்லாந்துக்காரர் 1882ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் தொடங்கிய நிறுவனம் அது. பின்னர் இந்திய நகரங்களிலும் மலாயா, சிங்கப்பூர் முதலிய இடங்களிலும் கிளைகளை நிறுவியது. அங்கே கடன் கிடையாது, கைமேற் காசுதான். அதனால் மக்கள் நிறுவனத்தின் பெயரையே திரித்து, ‘ரைட்டவே அண்ட் பெய்ட்ஃபார்’, அதாவது ‘உடனே கொடு, முழுதும் கொடு’ எனப் பொருள்படுமாறு வேடிக்கையாக வழங்கினர்.

ரொக்க வாணிகம் கட்டடத்தின் அமைப்பையும் மாற்ற வல்லது. விற்பனை மேசைதோறும் பணப்பெட்டி வைத்தால் கணக்கிற் குழப்பம் நேரும். எனவே, உலகின் பேரங்காடிகள் பல, பணம் முழுவதையும் ஒரே காசாளர் அறைக்கு அனுப்பின. அமெரிக்கராகிய லாம்சன் 1881இல் உரிமம் பெற்ற கருவியில், காசும் சீட்டும் அடங்கிய உருண்டைகள் தண்டவாளத்தில் உருண்டோடின. பின்னர்க் கம்பிகளும் காற்றுக் குழாய்களும் வந்தன. இத்தகைய கருவி இருந்த கடையின் கூரையில் கொக்கிகளும் ஆணித்துளைகளும் எஞ்சியிருக்கக்கூடும். அறியாதவர்க்கு அவை பழுது. அறிந்தவர்க்கு அவை சான்று.

காசு சென்ற வழி இது. சரக்கு வந்த வழி வேறு. பினாங்குத் துறைமுகத்திற் கப்பற் சரக்கை இறக்கி ஏற்றிய தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினர். சரக்கறையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய ‘குடாங்’, ஆங்கிலச் சொல்லாகிய ‘கோடவுன்’ ஆகிய இரண்டும் தென்னிந்தியச் சொல்லாகிய ‘கிடங்கு’, ‘கிட்டங்கி’ என்பவற்றொடு தொடர்புடையன என்பர் சொல்லாராய்ச்சியாளர். சொல்லில் நிலைத்த அவ்வுறவு, முகப்பின் பெயர்ப்பலகையில் இடம்பெறவில்லை. உழைத்தவரின் சுவடுகளைத் தேய்ந்த பின்படிக்கட்டிலும், கப்பிக்கயிறு அறுத்த உத்தரத்திலும், சரக்கறைச் சுவரில் எழுதப்பட்ட எண்ணிக்கையிலுமே தேட வேண்டும்.

அவற்றைத் தேடும் காலம் குறுகி வருகிறது. மலேசியாவில் 1948க்கு முன் எழுந்த கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1999 இறுதியோடு முடிவுற்றது. வாடகை உயரவே, பழங்குடியிருப்பினர் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவுடன் உலக மரபுடைமையாக ஏற்றது. அதன்பின் பழைய கட்டடங்கள் பல செப்பனிடப்பட்டு, உணவகங்களாகவும் விடுதிகளாகவும் புதுவாழ்வு பெற்றன. இது நன்மையே. எனினும், முகப்பு காக்கப்படும்போதே உள்ளே புதுச் சுவரும் குளிர்சாதனக் குழாயும் நுழைகின்றன. பயனற்றதெனக் கருதப்படும் படிக்கட்டு இடிக்கப்படுகிறது. தீ வந்தாலோ முகப்பும் எஞ்சாது. சென்னை மவுண்ட் ரோட்டில் விளங்கிய பழைய ஸ்பென்சர் கட்டடம் 1980களின் முற்பகுதியில் தீக்கிரையானது இதற்குச் சான்று.

ஆகவே, செப்பனிடும் பணி தொடங்குமுன் பதிவு நிகழ வேண்டும். உடைமையாளரின் இசைவு முதல் தேவை. உளுத்த மரத்தளத்தின் உறுதியைத் தச்சர் ஒருவரைக்கொண்டு அறிதல் அடுத்தது. அஞ்சடி நடைபாதையின் பக்கம் ஒளி மிகுந்தும் உட்பகுதி இருண்டும் இருக்கும். திடீர் விளக்கொளி சுவரின் மேடுபள்ளங்களை மறைத்துவிடும். எனவே, முக்காலியிற் கருவியை நிறுத்தி, இயல்பான ஒளியிலேயே நீண்ட நேரம் திறந்து வைத்தல் நன்று. சன்னலுக்கு ஒன்றும் இருளுக்கு ஒன்றுமாக இருமுறை எடுத்தல் இன்னும் நன்று. கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வனபோலத் தோன்றும். ஆதலின் அதனை மட்டமாகவே வைத்தல் வேண்டும். சுவடுகளின் அருகில் அளவுகோல் ஒன்றும் இருத்தல் வேண்டும். எந்தத் தளம், எத்திசை நோக்கி, எந்நாள் என்னும் குறிப்பில்லாத படம் அழகாயிருக்கலாம், ஆவணமாகாது.

இம்முறைக்குத் தமிழகத்திலேயே முன்னோடி உண்டு. சென்னை அரசின் நிழற்படக்காரராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டிற் சிதைந்திருந்த மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அடித்தளத்தின் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒரே நீண்ட படமாக ஒட்டிச் சேர்த்தார். கோபுரத்தை வியந்து நோக்கிய கண்களுக்கு அடித்தளத்திலும் படிக்க வேண்டியது உண்டு என்பதை அப்படம் காட்டிற்று. பேரங்காடியின் சரக்கறைச் சுவரிற் கூலியாள் ஒருவர் இட்ட எண்ணிக்கைக் கோடுகளும் அவ்வாறு படிக்கத் தக்கனவே. சுண்ணாம்பு பூசப்படுவதற்கு முன் அவற்றைப் பதிந்து வைத்தல் கடன்.