சம்மன் தாளும் காப்புறுதித் தாளும்



நம் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இன்று அரிது. வெட்டுக்குப் போக அதுதான். பிள்ளையைப் பள்ளியில் விட அதுதான். சம்பளத்தன்று டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வரவும் அதுதான். பழைய கார் ஒன்றைத் தவணையில் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களும் கூடிவருகின்றன. ஆகவே இன்று வண்டிக் காப்புறுதியைப் பற்றி, குறிப்பாகச் சம்மன் வாங்கியவர்களுக்கு அது எப்படிச் சிக்கலாகிறது என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஒரு நாள் மாலை, என்னிடம் படிக்கும் ஒரு பையனின் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு நிற உறை. அதற்குள் ஆறு சம்மன்கள். தலைக்கவசம் அணியாதது, சிவப்பு விளக்கில் நிற்காமல் போனது என்று இரண்டு ஆண்டாகச் சேர்ந்தவை. தள்ளுபடி அறிவிப்பார்கள், அப்போது கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். இப்போது சாலை வரி புதுப்பிக்க முடியவில்லை. சாலைப் போக்குவரத்து இலாகா அவர் பெயரைக் கறுப்புப் பட்டியலில் வைத்துவிட்டது.

"அண்ணே, இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ரோட்டக்ஸே எடுக்க முடியாதபோது இன்சூரன்ஸ் எதுக்கு சார்? அதையும் விட்டுட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றும். காப்புறுதி இல்லாமல் சாலை வரி கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரியும். அதனால் காப்புறுதி என்பதே சாலை வரி எடுப்பதற்காகக் கட்டும் பணம் என்று பலர் எண்ணிவிட்டோம். அது தவறு. சாலை வரி அரசாங்கத்துக்குச் செலுத்துவது. காப்புறுதி, நாம் இடித்து ஒருவர் கையோ காலோ உயிரோ போனால் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ நம் சார்பில் இழப்பீடு கொடுப்பதற்கு உள்ள ஏற்பாடு. கறுப்புப் பட்டியல் சாலை வரியையும் லைசென்ஸையும் புதுப்பிக்க விடாமல் தடுக்கும். காப்புறுதி வாங்குவதைத் தடுப்பதில்லை.

1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, பிறருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் காப்புறுதி இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு, சிறப்புக் காரணம் ஏதும் இல்லையென்றால், பன்னிரண்டு மாதத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியும் போய்விடும். ஓட்டியவர் மட்டுமல்ல, காப்புறுதி இல்லாத வண்டியை ஓட்டக் கொடுத்தவரும் குற்றவாளியே. "தோட்டத்து ரோட்டில்தானே ஓட்டுகிறேன்" என்பாரும் உண்டு. பொதுமக்கள் வந்துபோகும் பாதை எதுவானாலும் சட்டத்தின் பார்வையில் அது சாலைதான். கோயிலுக்கும் கடைக்கும் வெளியாட்கள் வந்துபோகும் நம் செம்மண் சாலைக்கு விலக்கு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அபராதத்தை விடுங்கள், அதைக் கட்டித் தொலைக்கலாம். காப்புறுதி இல்லாமல் ஒருவரை இடித்துவிட்டு, அவர் நீதிமன்றம் போய் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கினால், அந்தத் தொகை நம் தலையில்தான் விழும். முதுகெலும்பு முறிந்த ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் ஆகும் செலவை, மாதச் சம்பளத்தில் வாழும் நாம் எங்கே போய்ப் புரட்டுவது?

சம்மன்கள் வேறு வழியிலும் காப்புறுதியைத் தொடுகின்றன. 2017-இல் தொடங்கிய புள்ளி முறையில், சிவப்பு விளக்கை மீறினால் நான்கு புள்ளி. புள்ளிகள் சேரச் சேர முதலில் எச்சரிக்கை, பிறகு லைசென்ஸ் தற்காலிக நிறுத்தம், கடைசியில் ரத்து. நிறுத்தப்பட்ட லைசென்சோடு ஓட்டி விபத்து நேர்ந்தால், நம் வண்டியின் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் ஒரு காசும் தராது. அடிபட்டவருக்கு அது பணம் கொடுக்க நேர்ந்தாலும், கொடுத்ததை நம்மிடமே திருப்பிக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. லைசென்ஸ் இல்லாத பதினைந்து வயது மகனிடம் "கடைக்குப் போய் வாடா" என்று சாவியைக் கொடுக்கும் தகப்பன்மாருக்கும் இதே கதிதான். பையன்களிடம் வகுப்பில் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கட்டணத்துக்கு வருவோம். மூன்றாம் நபர் காப்புறுதிக்கு, அதாவது பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு நாம் எடுக்கும் காப்புறுதிக்கு, விலை இன்றும் வரையறுக்கப்பட்ட அட்டவணைப்படிதான். ஆனால் கார்களுக்கு எடுக்கும் முழுக் காப்புறுதியின் விலையை 2017 ஜூலை முதல் நிறுவனங்களே வகுத்துக்கொள்கின்றன. ஓட்டுநர் பெயரில் பதிவான போக்குவரத்துக் குற்றங்களையும் அவை கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே காருக்கு ஒரு நிறுவனம் கேட்கும் விலையை மற்றொன்று கேட்பதில்லை. இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துப் பாருங்கள். விண்ணப்பப் பாரத்தில் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். முகவர் நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன் என்பது பிறகு உதவாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பணம் என்.சி.டி. எனும் கழிவில் இருக்கிறது. ஓராண்டு முழுதும் இழப்பீடு கோராமல், நம்மீதும் யாரும் கோராமல் இருந்தால் காருக்கு 25 விழுக்காடு கழிவு. இரண்டாம் ஆண்டு 30, பிறகு 38.33, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55. மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25. ஒரே ஒரு கோரிக்கை வந்தால் எல்லாம் சுழியத்துக்கு வந்துவிடும்.

கரும்பலகையில் அன்று நான் போட்ட கணக்கை இப்போது வாயால் சொல்கிறேன். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுக்கு முன் கட்டணம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவு உள்ளவர் கட்டுவது 360. சிவப்பு விளக்கில் புகுந்து இடித்து, தம் கதவைச் செப்பனிட 600 வெள்ளி கேட்கிறார் என்க. அடுத்த ஆண்டு அவர் கட்ட வேண்டியது 800. அதற்கடுத்து 600, பிறகு 560, பிறகு 493 வெள்ளி 36 காசு, பிறகு 440. அதன் பின்தான் பழைய 360. ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் 1,093 வெள்ளி 36 காசு. அறுநூறு வாங்கி ஆயிரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார்! சிறு சேதத்தைத் தம் கைக்காசில் செப்பனிடலாமா என்று ஒருவர் யோசிப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் பிறருக்குக் காயம் பட்டிருந்தால் இந்தக் கணக்கே பார்க்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்துவிட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே தெரிவித்துவிட வேண்டும்.

இன்னும் இரண்டு செய்தி. சட்டம் கட்டாயமாக்கிய காப்புறுதி, வண்டியில் நம் பின்னால் அமர்ந்து வருபவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு என்ன காப்பு எடுக்கலாம் என்று முகவரைக் கேளுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் சொக்சோவில் கேட்க வழியுண்டு. அது வேறு கணக்கு.

மற்றது பெயர் மாற்றம். பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் நானே ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, எட்டு மாதம் பெயர் மாற்றாமல் ஓட்டினேன். "இன்சூரன்ஸ் இன்னும் இருக்கு, தம்பி" என்றார் விற்றவர். இருந்தது, அவர் பெயரில். விற்றவரின் காப்புறுதி வாங்கியவரைக் காக்காது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

2023 பிப்ரவரி முதல் சாலை வரி வில்லையை வண்டியில் ஒட்ட வேண்டியதில்லை, கைத்தொலைபேசியிலேயே காட்டலாம். வசதிதான். ஆனால் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த தேதி இப்போது படுவதில்லை. என் வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

உறையோடு வந்தவர் அன்று மாலை வண்டியை ஓட்டிக்கொண்டு போகவில்லை. பள்ளிக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார். சம்மன்களைக் கட்டி, காப்புறுதியும் சாலை வரியும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நாள் வந்து வண்டியை எடுத்துச் சென்றார்.