பனியாற்றின் முன்னே ஒரு கப்பல்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாகச் செல்லும் உல்லாசக் கப்பலில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கம்பளி உடை, தொலைநோக்கி, காமிரா எல்லாம் எடுத்துக்கொள்வீர்கள். கூடவே நொடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மே முதல் செப்டம்பர் வரை இக்கப்பல்கள் ஓடுகின்றன. ஜூன் மாதத்தில் அங்கே பகல் மட்டும் சுமார் 18 மணி நேரம். வானம் மேகமூட்டமாக இருந்தால் வருந்தாதீர்கள். பனியாற்றின் நீல நிறம் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும்.

அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? புதிதாக விழுந்த பனியில் காற்றிடைவெளிகள் நிறைய உண்டு. ஒளி உள்ளே நுழைந்ததுமே அவற்றில் பட்டுச் சிதறித் திரும்பிவிடுகிறது, ஆகவே வெண்மை. ஆண்டுக்கணக்கில் மேலே பனி குவியக் குவிய, அடியில் உள்ளது அழுந்திக் கெட்டியான பனிக்கட்டியாகிறது. காற்றுக் குமிழ்களும் நசுங்கிச் சிறுத்துப் போகின்றன. இப்போது ஒளி வெகு ஆழம் சென்று திரும்ப முடியும். வழியில் சிவப்பு ஒளியைப் பனிக்கட்டி உட்கவர்ந்துகொள்ள, நீலம் மட்டுமே மிஞ்சி வெளியே வருகிறது. புதிதாக உடைந்த முகத்தில் நீலம் அதிகம். வெயில் பட்டு விரிசல் விழுந்த பழைய முகம் மறுபடி வெளுத்துவிடும்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். கிளேசியர் விரிகுடாவில் மார்ஜரி என்னும் பனியாறு கடலில் வந்து முடிகிறது. அதன் முகப்பு நீருக்கு மேலே சுமார் 75 மீட்டர் உயரம், ஏறத்தாழ இருபது மாடிக் கட்டடம். ஆனால் அங்கே மரமோ வீடோ கிடையாது. எதோடு ஒப்பிட்டு உயரத்தை அளப்பது? கண் ஏமாந்து, ஏதோ மூன்று மாடி உயரம் என்று நினைத்துக்கொள்கிறது. உச்சியிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழும்போது, அது மெதுவாக மிதந்து இறங்குவதுபோல் தோன்றும். விழும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். உயரத்தை இரண்டால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கமான 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 75 மீட்டருக்கு ஏறக்குறைய 3.9 நொடி வரும். பத்து மீட்டருக்கோ 1.4 நொடிதான். கண் சொல்லாத உயரத்தைக் கடிகாரம் சொல்லிவிடும்!

காமிராக்காரர்களுக்கும் ஒரு சொல். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 334 மீட்டர். கப்பல் 400 மீட்டர் தொலைவில் நின்றால், பனி பிளக்கும் ஓசை உங்களை அடைய 1.2 நொடி ஆகும். அதற்குள் பாளம் 7 மீட்டர் விழுந்திருக்கும். 800 மீட்டர் என்றால் 28 மீட்டர்! ஓசை கேட்டபின் காமிராவைத் தூக்குகிறவருக்குப் பெரும்பாலும் நீர்த்தெறிப்பு மட்டுமே கிடைக்கும்.

பனியாறு கன்று ஈனுகிறது என்பது ஆங்கில வழக்கு. ஆனால் இக்கன்று பொல்லாதது. கால் மைலுக்கு, அதாவது 400 மீட்டருக்கு, உள்ளே போகலாகாது என்று கப்பல்களுக்கு அறிவுரை உண்டு. விழும் பாளம் எழுப்பும் அலை ஒரு காரணம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. முகப்பின் ஒரு பகுதி நீருக்கு அடியிலும் இருக்கிறது. அங்கே உடையும் துண்டு, கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால், எதிர்பாராத இடத்தில் மேலே சீறிக்கொண்டு கிளம்பும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பனியில் இல்லை, பக்கத்து மலையில் இருக்கிறது. பள்ளத்தாக்கை நிரப்பி நின்ற பனி, இருபுறச் சரிவுகளுக்கும் முட்டுக்கொடுத்து வந்தது. அது உருகிப் பின்வாங்கினால் முட்டு போய்விடுகிறது. 2025 ஆகஸ்டு 10 ஆம் நாள் விடியற்காலையில், டிரேசி ஆர்ம் என்னும் கடற்கணவாயில் தெற்கு சாயர் பனியாற்றின் அருகே மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து நீரில் விழுந்தது. எதிர்க்கரையில் தண்ணீர் 400 மீட்டருக்கும் மேலே ஏறியது. உயிர்ச்சேதம் இல்லை. அது உல்லாசக் கப்பல்கள் வழக்கமாகச் சென்று வந்த இடம். விபத்து பகலில் நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

பின்வாங்குவது எவ்வளவு வேகம்? 1794 இல் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது கிளேசியர் விரிகுடாவே இல்லை எனலாம். வாயிலிலேயே பனிச்சுவர் நின்றது. 1879 இல் ஜான் மூர் படகில் வந்தபோது அது வெகுதூரம் உள்ளே போயிருந்தது. 1916 வாக்கில் வாயிலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. முகப்பு ஆழமான நீரில் நின்றால் உடைவது மிகுதி. வெப்பத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. எல்லாப் பனியாறுகளும் இப்படியல்ல. வடக்கே யாக்குடாட் அருகிலுள்ள ஹப்பர்டு பனியாறு முன்னேறி வந்து, 1986 இலும் 2002 இலும் ரஸ்ஸல் கடற்கணவாயின் வாயை அடைத்து, சில மாதங்களுக்கு அதை ஏரியாக்கிவிட்டது.

ஆகவே சீட்டு வாங்கும்போது ‘அலாஸ்கா’ என்ற பெயரை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பனியாற்றின் முன், எத்தனை மணி நேரம் கப்பல் நிற்கும் என்று கேளுங்கள். கிளேசியர் விரிகுடாவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. எந்தப் பக்கத்து அறை என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பனியாற்றின் முன் கப்பலைச் சுற்றித் திருப்பி இருபுறமும் காட்டுவது வழக்கம்.