குள்ளக் கடற்குதிரை

கடலில் வாழும் சிற்றுயிர்கள் பலவற்றிற்குப் பல்லும் நஞ்சும் இல்லை. பகைவர் கண்ணிற் படாமையே அவற்றிற்குப் பாதுகாப்பு. ஒருவகை நண்டு, தன் ஓட்டின்மீதுள்ள கொக்கி போன்ற மயிர்களில் பாசியையும் கடற்பஞ்சையும் செருகிக்கொண்டு, பாறைத்துண்டுபோல அசையாது கிடக்கும். எனினும், மறைந்து வாழும் திறத்தில் குள்ளக் கடற்குதிரையை விஞ்சுவது அரிது.

மீனினத்தைச் சேர்ந்த இதன் நீளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். இந்தோனேசியா முதல் நியூ கலிடோனியா வரையுள்ள வெப்பக் கடல்களில், கடல் விசிறிகளைப் பற்றிக்கொண்டு இது வாழ்கிறது. கடல் விசிறியைச் செடியென்று கருதற்க. பவளத்திற்கு உறவான சிற்றுயிர்கள் எண்ணிறந்தன ஒருங்கு கூடி, விசிறி விரித்தாற்போலக் கிளைத்து நிற்பதே அது. அச்சிற்றுயிர்கள் சுருங்கியிருக்கும்போது, கிளையெங்கும் மொட்டுகள் அரும்பினாற்போலத் தோன்றும். கடற்குதிரையின் உடலிலும் அதே வடிவில், அதே நிறத்தில் முண்டுகள் உள்ளன. வாலோ கிளையைச் சுற்றிக் கிளையாகவே தோன்றும்.

இது மனிதர் கண்ணுக்கு அகப்பட்ட வரலாறு சுவையானது. 1969-ஆம் ஆண்டில், நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பார் கடல் விசிறிகளைத் திரட்டினார். கடலடியில் அவர் கண்டது விசிறியை மட்டுமே. மேலே கொணர்ந்து ஆராய்ந்தபொழுதுதான், அதில் கடற்குதிரைகள் ஒட்டியிருந்தமை தெரிந்தது. மறு ஆண்டில் அவ்வினத்திற்கு அவர் பெயரே இடப்பட்டது.

ஊதா விசிறியில் வாழ்வன ஊதாவாகவும், செம்மஞ்சள் விசிறியில் வாழ்வன செம்மஞ்சளாகவும் உள்ளன. இந்நிறம் பெற்றோர் வழி வருவதோ? அன்று. 2014-ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இவற்றை வளர்த்தோர் ஒன்றைக் கண்டனர். செம்மஞ்சள் நிறப் பெற்றோர்க்குப் பிறந்த குஞ்சுகள், ஊதா விசிறியில் தங்கியபின் ஊதா நிறமே பெற்றன. தந்தையின் உடலிலுள்ள பையினின்று வெளிப்பட்டு நீரில் மிதக்கும் குஞ்சு, தான் சென்று பற்றும் விசிறிக்கேற்பத் தன் நிறத்தை அமைத்துக்கொள்கிறது.

ஆயின், இக்காப்பே அதற்குக் கட்டும் ஆகிறது. முன்சொன்ன நண்டு வேறிடம் சென்றால், அவ்விடத்திற்கேற்பப் போர்வையை மாற்றிக்கொள்ளும். குள்ளக் கடற்குதிரையின் முண்டுகளோ உடலோடு பொருந்தியவை. விசிறிகளுள்ளும் மூரிசெல்லா என்னும் ஓரினத்தையே அது நாடும். வளர்ந்தபின் ஒரு விசிறியிலேயே தங்கிவிடும். அவ்விசிறியை நங்கூரமோ, அடியில் இழுக்கும் வலையோ முறித்துவிட்டால், அதுகாறும் கண்ணிற் படாதிருந்த உயிர் வெளிப்பட்டு நிற்கும். நீந்தித் தப்பவும் அதற்கு வேகம் இல்லை. நிழற்படம் எடுக்க மூழ்குவோர் ஆர்வத்தால் விசிறியைத் தொட்டு வளைப்பதும் தீங்கே. அதனாலேயே, கிளையைத் தீண்டாது விலகி நின்று காணுமாறு வழிகாட்டிகள் அவர்களுக்கு முன்னரே சொல்லிவைக்கின்றனர்.