விசைத்தறி ஊருக்கு விஞ்ஞானக் கதைகள்!

கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கப் போகிறது. நகரமே நடுங்குகிறது. ஆனால், புயல் வரவில்லை! எங்கே போயிற்று? அறிஞர்கள் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள்.

கடைசியில் மர்மம் தெரிகிறது. இலங்கைக்குச் சென்ற கப்பலில் ஒரு பயணி இருந்தார். தம்மிடம் இருந்த கூந்தல் தைலத்தைக் கடலில் கொட்டினார். அலை அடங்கியது, புயலும் மறைந்தது!

இது 1896-ல் ஜகதீச சந்திர போஸ் வங்காளியில் எழுதிய கதை. செடிகொடிகள் தூண்டுதலுக்கு அசைவதைக் கருவி வைத்துக் காட்டிய அதே விஞ்ஞானிதான்! தைலம் புயலை நிறுத்தாது. ஆனால், எண்ணெய் பட்டால் சிற்றலை அடங்கும் என்பது உண்மை. உண்மை ஒரு பிடி. கற்பனை ஒரு படி. அதுதான் விஞ்ஞானக் கதை.

படிப்பு கெடுமா?

கோவை–திருச்சி சாலையில் உள்ளது வெள்ளகோவில். விசைத்தறியும் முருங்கையும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. பிள்ளை கதைப் புத்தகத்தைத் தொட்டால், "பாடத்தைப் படி, கண்ணு" என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் கவலை நியாயமானதே. தறிச் சத்தத்தின் நடுவே சம்பாதித்த காசில் அல்லவா பிள்ளை படிக்கிறது?

ஆனால், கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தது. இப்போது தானியங்கித் தறி வருகிறது. நாளை என்ன வரும்? அப்போது மனிதனுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியைக் கேட்கும் கதைகள், பாடத்துக்குப் பகை அல்ல, துணை.

பேசும் நாய்

முதலில் படிக்க வேண்டியது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிள்ளை பெறவும் அரசாங்கம் அனுமதி தர வேண்டும் என்ற காலம். நிலா என்ற பெண்ணுக்கு அனுமதி கிடைக்கிறது. அந்த வேளையில் கணவன் காணாமற் போகிறான்! அவளுக்குத் துணை, ஜீனோ என்னும் இயந்திர நாய். அது பேசும், படிக்கும், யோசிக்கும். இயந்திரம் நல்லதா, கெட்டதா? அதை ஆள்பவன் யார் என்பதைப் பொறுத்தது என்று கதை உணர்த்துகிறது. இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'.

மேகத்திலிருந்து தண்ணீர்

பெண்கள் அறிய வேண்டியது 'சுல்தானாவின் கனவு'. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா அம்மையார் ஆங்கிலத்தில் எழுதியது. 1905-ல் வெளிவந்தது எங்கே தெரியுமா? சென்னை மாதர் பத்திரிகை ஒன்றில்!

அந்த நாட்டில் பெண்கள் ஆளுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். வெயிலைக் கொண்டே சமையல் நடக்கிறது. மேகத்திலிருந்து குழாய் வழியே தண்ணீர் இறக்குகிறார்கள். மழைக்காக வானத்தைப் பார்த்தே பழகிய கொங்குச் சீமைக்கு இதைவிட இனிய கனவு ஏது?

சந்திரனுக்கு மூவர்

பிரான்சு தேசத்து ஜூல்ஸ் வெர்ன், மூன்று பேர் புளோரிடாவிலிருந்து சந்திரனுக்குப் புறப்படுவதாக 1865-ல் எழுதினார். 1969-ல் மூன்று பேர் அதே புளோரிடாவிலிருந்து புறப்பட்டார்கள். இருவர் சந்திரனில் இறங்கினார்கள்!

இங்கிலாந்தின் எச்.ஜி. வெல்ஸ் 1895-ல் 'கால இயந்திரம்' எழுதினார. எதிர்காலத்தில் மனித இனமே இரண்டாகப் பிரிந்து விடுகிறது. மேலே உழைக்காத கூட்டம். பூமிக்கு அடியில் இயந்திரங்களோடு உழலும் கூட்டம். ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இது வெறும் கதையாகத் தோன்றாது.

சிறுவர்களுக்கு ஆயிஷா நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' ஏற்றது. 2014-ல் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற நூல். வேதாளக் கதை தெரிந்த தாத்தா பாட்டிகளும் சேர்ந்து கேட்கலாம்.

எங்கே கிடைக்கும்?

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது அன்றைய சென்னை மாகாணம், ஆண்டு 1948. அதன்படி மக்கள் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறார்கள். ஊர் நூலகத்தில் உறுப்பினராகி இவற்றைக் கேட்கலாம். இல்லாத நூலை வரவழைக்கும்படி சொல்லலாம். கேட்பது சலுகை அல்ல. கட்டிய வரிக்கு உரிய உரிமை!