குழல் கேட்கும் அளவு

ஈயத்தை நகத்தால் கீறினால் கோடு விழும். அத்தனை மென்மையான உலோகத்தை எஃகுக் குழலுக்குள் வைத்து, பின்னால் வெடிமருந்தைக் கொளுத்தி, வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் தள்ளினால் குழலின் உள்சுவரில் ஈயம் அப்பிக்கொள்ளும். சில டஜன் குண்டுகள் போனதுமே உள்ளே சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாகப் படிவு தெரியும். குறி தவறத் தொடங்கும். அதைச் சுரண்டி எடுக்கப் பித்தளை பிரஷ்ஷோடு ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

இதைத் தடுக்க இரண்டு வேலைகள் செய்கிறார்கள். வார்த்தெடுத்த குண்டின் இடுப்பைச் சுற்றியுள்ள பள்ளங்களில் மெழுகுக் கலவையை நிரப்புகிறார்கள். குண்டை ஓர் எஃகு டைக்குள் அழுத்தித் தள்ளி, எல்லாக் குண்டுகளையும் ஒரே விட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவில் இது பழைய பொழுதுபோக்கு. குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் வேட்டைக்காரர்களும் வீட்டுக் கொட்டகையிலேயே ஈயத்தை உருக்கி வார்க்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் அந்தச் சிறு கருவிகளுக்குள் இருக்கும் உலோகவியலும் இயற்பியலும் எந்த நாட்டு வாசகருக்கும் சுவையானவை.

புதிதாக இதில் இறங்குகிறவர் பெரும்பாலும் எந்த மெழுகு நல்லது, எந்தக் கம்பெனி மெஷின் நல்லது என்று விசாரிப்பதில் தொடங்குகிறார். அதற்கு முன்னால், தன் துப்பாக்கிக் குழலின் உள்ளளவு என்ன என்று அவர் பார்த்திருக்க வேண்டும். அளவு பொருந்தாத குண்டை எந்த மெழுகாலும் காப்பாற்ற முடியாது. பொருந்திய குண்டுக்குச் சுமாரான மெழுகே போதும்.

ரைஃபிள் குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. திருகு வரிகள் சுழன்றபடி ஓடும். மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். அமெரிக்காவில் மிகப் பரவலான முப்பது காலிபர் ரைஃபிளில் மேட்டுக்கு மேடு 0.300 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.308 அங்குலம், அதாவது 7.82 மில்லிமீட்டர். செம்பு உறை போட்ட குண்டு சரியாக 0.308 இருந்தால் போதும். வார்த்த ஈயக் குண்டு 0.309 அல்லது 0.310 இருக்க வேண்டும். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அங்குலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குண்டு சற்றே சிறியதாக இருந்தால் பள்ளத்தின் ஓரமாக இடைவெளி விழும். எரியும் வாயு அதன் வழியே குண்டை முந்திக்கொண்டு பாயும்; போகிற போக்கில் ஈயத்தை அரித்து உருக்கி, முன்னால் உள்ள சுவரில் பூசிவிட்டுப் போகும். ஈயம் அப்புவதற்கு உராய்வைவிட இந்தக் கசிவே பெரிய காரணம்.

பழைய கருமருந்துக் காலத்தில் கணக்கு வேறாக இருந்தது. பிரெஞ்சு ராணுவ அதிகாரி கிளோத் எத்தியேன் மினியே 1849இல் அடிப்பகுதி குடைவான குண்டு ஒன்றை வடிவமைத்தார். குழலைவிடச் சிறியதாக இருப்பதால் வாய்ப்பக்கத்திலிருந்து சுலபமாக உள்ளே இறங்கும். சுட்டதும் வாயு அழுத்தத்தில் அடிப்பகுதி விரிந்து வரிகளைக் கவ்வும். தூய ஈயத்தின் மென்மை அங்கே குறையாக இல்லை, அதை நம்பித்தான் அந்த வடிவமே இருந்தது. மெழுகின் வேலையும் வேறு. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கரியாகவும் உப்பாகவும் மிஞ்சும். அதை இளக்கி வைக்காவிட்டால் அடுத்த குண்டு இறங்காது.

இந்தியாவில் இந்த வழவழப்புப் பூச்சே வரலாறாகிவிட்டது. 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் 0.577 அங்குலம். குண்டையும் மருந்தையும் ஒரே காகிதச் சுருளில் அடைத்து, குண்டு இருக்கும் முனையைக் கொழுப்பும் மெழுகும் கலந்த குழம்பில் தோய்த்திருப்பார்கள். சிப்பாய் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். இந்திய வெயிலை அந்தக் கொழுப்பு எப்படித் தாங்குகிறது என்று பார்க்க 1853இலேயே சில தோட்டாக்களை அனுப்பிச் சோதித்தார்கள். கொழுப்பு எதிலிருந்து வந்தது என்பது உறுதியாகாமல் இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்கக் கூடாது என்று கர்னல் டக்கர் அப்போதே எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு கிளம்பியது. சிப்பாய்கள் விரும்பிய பொருளைத் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அந்த மாதக் கடைசியிலேயே அரசு இறங்கிவந்தும் நம்பிக்கை திரும்பவில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி மீரட்டில் 90 குதிரைப்படைச் சிப்பாய்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10ஆம் தேதி கிளர்ச்சி வெடித்தது.

மத உணர்வைப் பற்றிய செய்தியாகவே இதைப் படித்திருக்கிறோம். வேதியியல் பக்கத்திலும் அந்தக் கொழுப்பு தப்பான தேர்வுதான். விலங்குக் கொழுப்பில் உள்ள அமிலங்கள் நாளாக ஆக ஈயத்தை அரிக்கும். குண்டின் மேல் வெண்படிவு தடித்து விட்டம் பெருக்கும். பிறகு அது குழலுக்குள் இறங்க அடம்பிடிக்கும். தேன்மெழுகு ஈயத்தை அப்படிப் பாதிப்பதில்லை. பின்னாளில் ஆங்கிலேயர் கொழுப்பைக் குறைத்து மெழுகைக் கூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகையற்ற மருந்து வந்தபின் அழுத்தமும் வேகமும் ஏறின. தூய ஈயம் தாக்குப்பிடிக்கவில்லை. வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்துக் கடினமாக்கினார்கள். பிரினெல் என்ற கடின அளவுகோலில் தூய ஈயம் சுமார் 5. தொண்ணூறு பங்கு ஈயம், ஐந்து பங்கு வெள்ளீயம், ஐந்து பங்கு ஆன்டிமனி என்ற புகழ்பெற்ற லைமன் இரண்டாம் எண் கலவைக்கு அது சுமார் 15. பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகம் 22 வரை போகும். கடினமான குண்டு தானாக விரிந்து இடைவெளியை அடைக்காது. ஆகவே அளவை முன்கூட்டியே செய்து வைத்தாக வேண்டும். இந்தக் கருவிகள் பிறந்தது அப்படித்தான். கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் கம்பெனி, வார்ப்பு அச்சுகளையும் அளவுபடுத்தும் கருவிகளையும் வீடுகளுக்குக் கொண்டுபோனது. 1925இல் அது லைமன் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றும் லைமன் பெயரில் கருவிகள் விற்பனையில் உள்ளன.

குழலை அளப்பது கடினமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்து, குழலைத் துடைத்து எண்ணெய் தடவுவார்கள். குழலைவிடச் சற்றுப் பெரிய தூய ஈயத் துண்டு ஒன்றை வாயில் வைத்து மரச் சுத்தியால் தட்டி இறக்கி, கம்பியால் மெல்லத் தள்ளி மறுபக்கம் எடுப்பார்கள். வெளியே வரும் துண்டில் குழலின் வரிகள் அச்சாகப் பதிந்திருக்கும். அதன் உயர்ந்த பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்தால் பள்ளத்தின் விட்டம் கிடைக்கும். வெர்னியர் காலிப்பர் இதற்குப் போதாது. தேடும் வித்தியாசமே அதன் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். ரிவால்வராக இருந்தால் சிலிண்டர் அறைகளின் வாயையும் அளக்க வேண்டும். அந்த வாய் குழலின் பள்ளத்தைவிடக் குறுகலாக இருந்தால், குண்டு குழலை அடையும் முன்பே அங்கே நசுங்கிச் சிறுத்துவிடும்.

அளவு கையில் கிடைத்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். சந்தையில் இருப்பவை அடிப்படையில் மூன்று வகை. முதலாவது, லீ கம்பெனி விற்கும் எளிய தள்ளு டை. தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் திருகி மாட்டி, குண்டின் அடியைப் பிடித்துத் தள்ளினால் மூக்கு முன்னே போக மேலே வந்து டப்பாவில் விழும். மெழுகுப் பூச்சைத் தனியாகச் செய்ய வேண்டும்: திரவ மெழுகைச் சில துளிகள் விட்டுக் குலுக்கி இரவெல்லாம் உலர விடுவார்கள். செலவு மிகக் குறைவு. குண்டின் அடியைத் தட்டையான தண்டு நேராகத் தள்ளுவதால் கோணல் வர வாய்ப்பும் குறைவு. கைத்துப்பாக்கிக்கு மட்டும் வார்க்கிறவருக்கு, என் பார்வையில், இதைத் தாண்டி யோசிக்கவே தேவையில்லை.

இரண்டாவது, லைமன், ஆர்சிபிஎஸ் முதலிய கம்பெனிகளின் லூபிரிசைஸர். அளவும் மெழுகும் ஒரே இழுப்பில் முடியும். டைக்குப் பக்கத்தில் மெழுகுக் குச்சி இருக்கும் உருளை. அதன்மேல் திருகு அழுத்த, டையின் சுவரில் உள்ள துளைகள் வழியே மெழுகு உள்ளே வரும். முறுக்கு உழக்கைத் திருகிப் பிழிவது போன்ற வேலைதான். குண்டு அடி முன்னே கீழிறங்கி, மெழுகு நிரம்பி, மறுபடி மேலேறி வரும். மூன்றாவது, ஸ்டார் வகை. இதில் குண்டு மூக்கு முன்னே ஒரே திசையில் போகும். பின்னால் வரும் குண்டு முன்னதைத் தள்ளிக் கீழே விழ வைக்கும். ஏறி இறங்கும் இயக்கம் இல்லாததால் வேகம் அதிகம், விலையும் அதிகம்.

இரண்டாவது வகையில்தான் அமைப்பு வேலை மிகுதி, தவறுகளும் மிகுதி. கருவியைக் கனமான பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பெஞ்ச் ஆடினால் லீவரின் விசை கோணலாக இறங்கும். குண்டின் மூக்கில் உட்காரும் மேல் பன்ச் அந்த மூக்கின் வடிவத்துக்கு ஒத்திருக்க வேண்டும். பொருந்தாத பன்ச் மூக்கில் வளையத் தழும்பு போடும், அதைவிட மோசமாகக் குண்டைச் சாய்த்துப் பிடிக்கும். சாய்ந்து இறங்கிய குண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் அகலமாகப் பளபளக்கும், எதிர்ப்பக்கம் அச்சிலிருந்து வந்த மங்கல் நிறம் அப்படியே இருக்கும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வரியுள்ள குழலில் வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு நிமிடத்துக்கு 1,40,000 சுற்றுகளுக்கும் மேல் சுழல்கிறது. எடை மையம் மயிரிழை விலகினாலும் அது குழலை விட்டதும் பக்கவாட்டில் வீசப்படும்.

அடுத்தது ஆழம். கீழேயுள்ள நிறுத்தத் திருகைச் சரிசெய்து, குண்டின் பள்ளம் டையின் துளைகளுக்கு நேரே நிற்கும்படி வைக்க வேண்டும். குண்டு ஆழம் போதாமல் நின்றால் மெழுகு அடியைச் சுற்றிப் பரவி, பின்னர் மருந்தைக் கெடுக்கும். அதிக ஆழம் இறங்கினால் மூக்கெல்லாம் பிசுபிசுக்கும். அழுத்தத் திருகையும் ஆசைப்பட்டு இறுக்கக் கூடாது. இரண்டு மூன்று குண்டுக்கு ஒருமுறை கால் திருகு என்று மெல்லப் போக வேண்டும். கெட்டியான மெழுகு குளிர்காலக் காலையில் நகரவே நகராது. அதற்காகவே அடியில் ஹீட்டர் வைத்த மாடல்கள் வந்தன. கையைச் சுடாத இளஞ்சூடு போதும்.

டை எந்த அளவு வாங்கினாலும், வார்த்த குண்டைவிட ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அங்குலத்துக்கு மேல் அது சிறியதாக இருக்கக் கூடாது. அதற்குமேல் நசுக்கினால் மெழுகுப் பள்ளம் ஒடுங்கும், அடிவிளிம்பு பிதுங்கும். ஆன்டிமனி கலந்த குண்டு வார்த்த சில நாட்களில் கடினமாகும் என்பதால், அதற்குள் அளவுபடுத்திவிடுவது கைக்கும் கருவிக்கும் சுகம்.

மெழுகுக் கலவையைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் இ.எச். ஹாரிசன் 1960களில் பரப்பிய செய்முறை, பாதி தேன்மெழுகும் பாதி அலாக்ஸும். அலாக்ஸ் என்பது துரு பிடிக்காமலிருக்க வாகனங்களின் அடியில் பூசும் பெட்ரோலிய வகைப் பொருள். அதற்குப் போட்டியாக எத்தனையோ கலவைகள் வந்தும் அது இன்னும் நிலைத்திருக்கிறது. போதுமான மெழுகு கடைசிவரை போய்ச் சேர்கிறதா என்பதைக் குழல் வாயே காட்டிவிடும்: சுட்டபின் விளிம்பில் நட்சத்திர வடிவில் மெல்லிய சாம்பல் பூச்சு தெரியும். ஈயப் படிவும் தன் கதையைச் சொல்லும். மருந்து அறைக்கு அருகிலேயே தொடங்கினால் பெரும்பாலும் குண்டு சிறியது. வாய்ப்பக்கத்தில் மட்டும் இருந்தால் மெழுகு நடுவழியில் தீர்ந்துவிட்டது.

இப்போது பலர் மெழுகையே விட்டுவிட்டு, இரும்புக் கதவுக்கும் நாற்காலிக்கும் அடிக்கும் பவுடர் கோட்டிங்கைக் குண்டில் பூசி, சுமார் 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் சுடவைக்கிறார்கள். புகை குறைகிறது, கையில் ஈயம் ஒட்டுவதும் குறைகிறது. ஆனால் அந்தப் பூச்சே விட்டத்தைக் கூட்டுவதால் டையை விட முடியவில்லை. சுட்டெடுத்த குண்டைத் தள்ளு டையில் போட்டு மறுபடி அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

கடைசியாக, ஈயத்தின் நச்சைப் பற்றி. ஈயத்தின் கொதிநிலை 1,749 டிகிரி செல்சியஸ். 327 டிகிரியில் உருகி 400 டிகிரி அளவில் நிற்கும் சட்டியிலிருந்து ஆவி மிகக் குறைவாகவே வரும். உண்மையான ஆபத்து மேலே திரளும் கசடின் தூசியிலும் கழுவாத கையிலும் இருக்கிறது. அந்தக் கை வாய்க்குப் போகக் கூடாது, அந்தக் கொட்டகையில் யாரும் சாப்பிடக் கூடாது, குழந்தைகள் பக்கத்திலேயே வரக் கூடாது. பூச்சைச் சுடவைக்கும் அடுப்பு அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்; ஒருமுறை குண்டு வைத்த தட்டு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.