சங்கராபரணிப் படுகை வண்டல் மண்

சங்கராபரணிப் படுகை வண்டல் மண் என்பது சங்கராபரணி ஆற்று வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த மண் ஆகும். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் இந்த ஆற்றுக்கு வராகநதி, செஞ்சியாறு என்ற பெயர்களும் உண்டு. புதுச்சேரியின் வில்லியனூர், ஒதியம்பட்டு ஆகிய ஊர்கள் இதன் படுகையில் அமைந்துள்ளன.

இயல்புகள்

வெள்ளத்தின் வேகம் குறையக் குறைய, முதலில் பருமணலும் பிறகு நுண்மணலும் இறுதியில் வண்டலும் களியும் படிகின்றன. ஆகவே ஆற்றோர நிலம் பொதுவாக மணற்பாங்காகவும், தள்ளியுள்ள தாழ்நிலம் களிப்பாங்காகவும் இருக்கும். நீரைப் பிடித்து வைக்கும் களிநிலம் நெல்லுக்கு ஏற்றது. நீர் எளிதில் வடியும் மணற்பாங்கான நிலம் மணிலாவுக்கு ஏற்றது.

காலநிலை

இப்பகுதிக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. ஆற்றில் வெள்ளம் வருவதும் வண்டல் படிவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

வளம் காத்தல்

ஆற்றின் மேற்பகுதியில் உள்ள வீடூர் அணை போன்ற நீர்த்தேக்கங்களில் வண்டலின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. மணல் அள்ளி ஆறு ஆழமானால் வெள்ளம் வயலில் பரவுவது குறையும். கிணற்று நீர்மட்டமும் இறங்கும். வெள்ளம் தராத வளத்தை உழவரே ஈடுசெய்ய வேண்டும். ஏரி வண்டலை வயலில் இடுவதும், தக்கைப்பூண்டு, கொழிஞ்சி ஆகியவற்றை விதைத்து மடக்கி உழுவதும் அதற்கான வழிகள்.