பெயரில்லாத பொற்கொல்லன்

சித்திரை முழுநிலவு நாளில் கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து மக்கள் மலையேறி மங்கலதேவி கண்ணகி கோயிலை அடைகிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி, வைகைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, பதினான்காம் நாள் விண்ணேறிய மலை இதுவே என்பது கம்பம் பள்ளத்தாக்கின் நம்பிக்கை. அங்கே பாண்டியனைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். கோவலனைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். பொற்கொல்லனைப் பற்றி எவரும் வாதிட்டதில்லை. அவன் கெட்டவன், அவ்வளவுதான்.

கணினி விளையாட்டுத் தொடர்களில் வரும் வில்லன் ஏன் அப்படி ஆனான், முதல் பாகத்தில் கண்டவனுக்கும் மூன்றாம் பாகத்தில் வருபவனுக்கும் பொருத்தம் உண்டா என்று இளைஞர்கள் நுணுக்கமாக வாதிடுகிறார்கள். அந்தக் கவனம் சிலப்பதிகாரத்தின் வில்லனுக்கும் தகும்.

அவனுடைய நோக்கத்தைக் கொலைக்களக் காதை மறைக்கவில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. குட்டு வெளிப்படுமுன் பழியைச் சுமத்த ஓர் அயலூரான் கிடைத்தான். கோவலன்மீது அவனுக்குப் பகை இல்லை. தன் உயிர்மீது அச்சம் இருந்தது. ஆனால் அச்சம் மட்டுமே என்று அவனை விட்டுவிட எனக்கு மனமில்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்டு காவலர் தயங்கியபோது, கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டையும் வரிசைப்படுத்தி அவன் விளக்குகிறான். மாட்டிக்கொள்ளவிருப்பவனின் பதற்றம் அப்பேச்சில் இல்லை. தேர்ந்த வழக்கறிஞரின் நிதானமே இருக்கிறது.

கட்டுரைக் காதையில் கதை தலைகீழாகிறது. மதுராபதித் தெய்வம் முற்பிறப்பைச் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனைப் பகையரசனின் ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன் பரதன். அவனே மறுபிறப்பில் கோவலன். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி உயிர்விட்டாள். அன்று கோவலன் ஏற்ற வேடத்தைத்தான் மதுரையில் பொற்கொல்லன் ஏற்கிறான். வில்லத்தனம் தொடர்கிறது, ஆள் மாறுகிறான். ஊழ்வினைக்கு இது போதுமான விடை. பொற்கொல்லனின் குற்றத்துக்கு இது விடையாகாது. தன் திருட்டை மறைக்கத்தான் அவன் பொய் சொன்னான், சங்கமனுக்காக அல்ல.

அந்தப் பொற்கொல்லன் பின்னர் என்ன ஆனான் என்று காப்பியம் தனியே கூறவில்லை. மாறாக, பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியதால், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் 1000 பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கிறது, மழையும் பெய்ததாம். எண் காப்பிய மிகையாக இருக்கலாம். ஆனால் ஒருவனுக்குப் பெயரில்லாததால் அவன் தொழிலே அவன் பெயராயிற்று; தண்டனை அத்தொழில் செய்தோர் அனைவர்மீதும் விழுந்தது. விசாரிக்காமல் கொல்லச் சொன்ன நெடுஞ்செழியன் தன் பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர் துறந்தான். வெற்றிவேற்செழியனும் விசாரிக்கவில்லை. அந்த 1000 பேரில் எவருடைய மனைவியும் அவைக்கு வந்து வழக்குரைத்ததாகக் காப்பியத்தில் ஒரு வரிகூட இல்லை.